பரணில் ஏறும் போர்டுகள்: நம் பெண் பிள்ளைகள் ஏன் 12 வயதோடு நிறுத்திவிடுகிறார்கள்?

அல்சூர்_அக்கா
சனி, மதியம் 1.20

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன். மூன்று வருடமாக, சனிக்கிழமை காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஒரு பழைய கூடைப்பந்துத் திடல், ஓரத்தில் நண்பர்கள் பிளைவுட்டில் செய்துகொடுத்த சின்ன ராம்ப் (சரிவு மேடை), ஐந்து போர்டு, ஆறு ஹெல்மெட். அவ்வளவுதான் சொத்து. காசு வாங்குவதில்லை.

இதுவரை 22 பெண்கள் வந்திருக்கிறார்கள். இப்போது வருகிறவர்கள் 9 பேர். போன 13 பேரில் ஒருத்திகூட அடிபட்டதால் போகவில்லை. இரண்டு பேர் வீடு மாறினார்கள். மற்ற பதினோரு பேரும் 12, 13 வயதில் நின்றவர்கள். சலிப்பு வந்து நின்றவர்கள் இல்லை. நிறுத்தப்பட்டவர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முருகேஷ்பாளையத்தில் இருப்பவள். ராம்ப் மேலிருந்து முதன்முதலில் டிராப்-இன் செய்ய, அதாவது விளிம்பிலிருந்து போர்டோடு சரிவில் இறங்க, எனக்கு எட்டு மாதம் ஆனது, இவளுக்கு மூன்று வாரம். முன்காலை அழுத்து என்று ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை அழுத்தியிருப்பாள். நான்கு வாரம் தொடர்ந்து வராததால் வீட்டுக்கே போனேன். கூடத்தில் பட்டுப்பாவாடை, தாவணி, மாலையோடு அவளுடைய சடங்குப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பரணில், பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில், அவளுடைய போர்டு சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. அவள் அம்மா எனக்குக் காபி கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எதுக்கு கண்ணு, பெரிய மனுஷி ஆயிட்டா" என்றார். கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். அவள் சமையலறை வாசலில் நின்று என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலி (போர்டோடு எம்பிக் குதிப்பது) அடித்து அடித்துப் பக்கத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும் இடத்தை.

எனக்கு அந்த அம்மா மேல் வருத்தமில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன் என்பதுதான் வருத்தம். இங்கே அம்மாக்கள் இருக்கிறீர்கள், அப்பாக்கள் இருக்கிறீர்கள், போர்டு ஓட்டும் தம்பிகளும் இருக்கிறீர்கள். என்ன செய்யலாம் சொல்லுங்கள்.


காக்ஸ்டவுன்_அப்பா
சனி, மதியம் 2.05

நல்ல வேலை செய்கிறீர்கள் அம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதில் மேற்கொண்டு என்ன இருக்கிறது? என் பெண்ணை பேட்மின்டனில் சேர்த்திருக்கிறேன். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, சான்றிதழ், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்கேட்போர்டு நம் ஊரில் இன்னும் பொழுதுபோக்குதான். 12 வயதுக்கு மேல் பாடம் ஏறுகிறது, நேரம் குறைகிறது. வீட்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் வழி தெரிவதைத்தானே வைத்துக்கொள்வார்கள்? சடங்கு மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.


சர்ஜாபூர்_சக்கரம்
சனி, மாலை 4.48

அண்ணா, வழி இல்லாமல் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், அதாவது 2021இல், ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்ந்தது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்றவற்றில் ஓட்டும் பெண்கள் ஸ்ட்ரீட் போட்டியில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைசா லீலுக்கும் 13. வெண்கலம் ஃபூனா நகயாமா, 16. அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பதக்க மேடைதான் நினைவுக்கு வந்தது. நம் பிள்ளைகளின் போர்டு பரணில் ஏறுகிற அதே வயதில் அவர்கள் அந்த மேடையில் ஏறினார்கள்.

2024 பாரிஸிலும் அப்படித்தான். கான்கிரீட் குழிகளிலும் சரிவுகளிலும் ஓட்டும் பார்க் போட்டியில் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியப் பெண் அரிசா ட்ரூவுக்கு 14 வயது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றும் 900ஐ முதன்முதலாக இறக்கிய பெண் ஆனாள். இந்த விளையாட்டின் பெரிய நட்சத்திரம் டோனி ஹாக் அதை முதலில் இறக்கியது 1999இல், அப்போது அவருக்கு 31 வயது. நம் நாட்டிலும் 2022 குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்கேட்போர்டு இருந்தது. ஒதுக்கீடு, சான்றிதழ் எல்லாம் மெதுவாக வரும்.


அல்சூர்_அக்கா
சனி, மாலை 5.30

தம்பி சொல்வது எல்லாம் சரி, எனக்கும் அரிசா ட்ரூவின் காணொளியைப் பார்த்தால் கண் நிறைகிறது. ஆனால் பதக்கத்தைக் காட்டி ஒரு அம்மாவிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஓட்டுகிறவர்கள், தினமும் நல்ல கான்கிரீட் பார்க்கில் நிற்கிறவர்கள். முருகேஷ்பாளையத்துப் பெண்ணிடம் இருப்பது சனிக்கிழமை இரண்டு மணி நேரம். பதக்கம் வரும் என்று சொல்லி அழைத்துவந்தால், வராதபோது "அதான் வரலையே, போதும்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமாகிவிடும்.

காக்ஸ்டவுன் அண்ணா, அதே பாரிஸ் பார்க் போட்டியில் இன்னொன்றும் நடந்தது. சீனாவின் ஸெங் ஹவ்ஹவ் என்ற சிறுமி 11 வயதில் இறங்கினாள். ஆண்கள் பிரிவில் பிரிட்டனுக்காக ஆன்டி மெக்டொனால்ட் 51 வயதில் இறங்கினார். இந்த விளையாட்டுக்குக் கடைசித் தேதி கிடையாது. நானே 22 வயதில்தான் முதல் முறை போர்டில் ஏறினேன். நிறுத்தாமல் வைத்துக்கொண்டால் 40 வயதிலும் ஓட்டலாம். பேட்மின்டனும் அப்படித்தான், உங்கள் பெண் நன்றாக ஆடட்டும். என் கேள்வி வேறு. ஆட ஆசைப்படுகிற பிள்ளையை எது நிறுத்துகிறது?


விவேக்நகர்_அம்மா
சனி, இரவு 9.52

வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். அக்கா, நான் உங்கள் திடலுக்கு வந்ததில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த அம்மா நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குப் போன ஆனியில் சடங்கு செய்தோம். அவள் தம்பியோடு சேர்ந்து தெருவில் போர்டு ஓட்டுவாள். இப்போது தம்பி மட்டும் ஓட்டுகிறான்.

நான் நிறுத்தினேன். ஏன் என்று உண்மையாக எழுதுகிறேன். விழுவாள் என்று பயமில்லை, சைக்கிளிலும்தான் விழுந்தாள். தெருமுனையில் பேக்கரி வாசலில் நிற்கிற பையன்கள். அவள் போர்டில் வரும்போது ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு நாள் என் கண்ணால் பார்த்தேன். அவனைத் திட்டினேன், அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து என் மகளைத்தான் உள்ளே போகச் சொன்னேன். அதுதான் சுலபமாக இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் சொந்தக்காரர்கள். என் நாத்தனார் வந்து, "கால் எலும்பு உடைஞ்சு கம்பி வச்சா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தப்பான கேள்வி என்று மட்டும் தெரிந்தது.


மூட்டு_பார்ப்பவர்
சனி, இரவு 10.30

நான் பிசியோதெரபிஸ்ட், பதினாறு வருட அனுபவம். எலும்பு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஸ்கேட்போர்டில் அடிபடாது என்று சொல்ல மாட்டேன். அடிபடும். என்னிடம் வருகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது நாம் எல்லாரும் கையை நீட்டி ஊன்றுகிறோம், உடம்பின் மொத்த எடையும் அந்த நீட்டிய கையில் இறங்குகிறது, மணிக்கட்டுக்கு மேலே முன்கையின் ஆர எலும்பு விரிசல் விடுகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டில் சில வாரத்தில் கூடிவிடும். இதைத் தடுக்க இரண்டே வழி. ரிஸ்ட் கார்டு (மணிக்கட்டுக் காப்பு) போட வேண்டும். அதைவிட முக்கியம், போர்டில் ஏறுவதற்கு முன்பே விழக் கற்றுக்கொள்ள வேண்டும். முழங்கால் பட்டை போட்டுக்கொண்டு முழங்காலிலேயே சறுக்கி இறங்குவது, தோளில் உருண்டுபோவது. முதல் இரண்டு வாரம் இதை மட்டுமே சொல்லித்தந்தாலும் தப்பில்லை.

ஹெல்மெட்டில் சமரசமே வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய அடிக்கு என்று செய்தது. ஸ்கேட்போர்டுக்கென்று வருவது பின்மண்டை வரை இறங்கியிருக்கும், பல சின்ன அடிகளைத் தாங்கும். ஸ்கேட்போர்டு ஹெல்மெட்டுக்கான தரக்குறியீடான ஏ.எஸ்.டி.எம். எஃப்1492 என்று உள்ளே எழுதியிருக்கிறதா பாருங்கள்.

உங்கள் நாத்தனாருக்கு இதையும் சொல்லுங்கள். ஓடியாடி, குதித்து இறங்கும் விளையாட்டுகளால் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுகிறது. அந்தச் சேமிப்பு மிக வேகமாக நடப்பது இந்த 11 முதல் 14 வயதை ஒட்டித்தான். பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதற்கு இதைவிடத் தவறான காலம் இல்லை. 50 வயதில் மூட்டுவலியோடும் எலும்புத் தேய்மானத்தோடும் என்னிடம் வருகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.


கேஜிஎஃப்_ரயில்
ஞாயிறு, காலை 6.15

தினமும் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வந்து போகிறவன். வயது 58. பேத்தி கேட்டாள் என்று இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், ரயிலில் நேரம் இருக்கிறது.

இது ஆண்கள் விளையாட்டு, இப்போதுதான் பெண்கள் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். 1965இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அட்டையில் ஸ்கேட்போர்டில் தலைகீழாகக் கை ஊன்றி நின்றது ஒரு பெண். பேட்டி மெக்கீ, அதற்கு முந்தைய வருடம் பெண்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 2024இல்தான் காலமானார். ஆரம்பத்தில் இருந்தவர்கள்தான், நடுவில் யாரோ ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் படித்தேன், அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆப்கானிஸ்தானின் காபூலில் 2007இல் ஸ்கேட்டிஸ்தான் என்று பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு சொல்லித்தரும் அமைப்பை ஆரம்பித்தார்கள். அங்கே அப்போது பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது கூடாது. ஸ்கேட்போர்டு அந்த ஊருக்கே புதிது என்பதால், கூடாது என்று யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த இடைவெளியில் பெண் பிள்ளைகள் நுழைந்துவிட்டார்கள். நம் வீட்டிலும் அந்த இடைவெளி இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பொம்பளைப் பிள்ளை விசில் அடிக்காதே, மரம் ஏறாதே என்று என் அம்மா சொன்னது உண்டு. பலகையில் ஏறாதே என்று சொல்ல அவருக்குப் பலகையே தெரியாது.


கிக்டர்ன்_பொண்ணு
ஞாயிறு, காலை 10.10

வணக்கம். எனக்கு 15 வயசு. இதை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கழிப்பறை.

நான் வேறொரு இடத்தில் கற்றுக்கொண்டேன். அங்கே கழிப்பறை பூட்டியே இருக்கும், சாவி வாட்ச்மேனிடம். அவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் எப்படிக் கேட்பது? அதனால் அந்த வாரம் போக மாட்டேன். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரமும் சோம்பலாக இருக்கும். டிராப்-இன் பயம் திரும்ப வந்துவிடும். என்னோடு வந்த இரண்டு பேர் இப்படித்தான் நின்றார்கள். வீட்டில் கேட்டால் "படிப்பு" என்றுதான் சொல்வார்கள். அம்மாவிடமே சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்வது.

உடையும் ஒரு விஷயம். வெள்ளை நிறத்தில் எதுவும் வேண்டாம், கருப்பு டிராக் பேன்ட், நீளமான டி-ஷர்ட், உள்ளே நன்றாகப் பிடித்துக்கொள்கிற ஸ்போர்ட்ஸ் பனியன். இதை எனக்கு ஒரு அக்காதான் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் நின்றிருப்பேன், வெட்கத்திலேயே.

அல்சூர் அக்கா, நீங்கள் பிள்ளைகளிடம் கிக்டர்ன் (முன்சக்கரத்தைத் தூக்கிப் போர்டைத் திருப்புவது) பற்றிப் பேசுகிற மாதிரி இதையும் பேசுங்கள். எட்டு வயசுப் பிள்ளைகள் இருக்கும்போதே பேசுங்கள். அவர்கள் கேட்டுவைத்துக்கொள்வார்கள்.


அல்சூர்_அக்கா
ஞாயிறு, காலை 11.40

நன்றி கண்ணா. நான் இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. மூன்று வருடம். என் திடலிலும் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம்தான் இருக்கிறது. நான் நேராகப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன், எனக்கு 31 வயது, எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நாளைக்கே அலுவலகத்தில் பேசி இன்னொரு சாவி செய்து கொக்கியில் மாட்டுகிறேன். நாப்கின், பழைய செய்தித்தாள், மூடி போட்ட குப்பைக்கூடை எல்லாம் வாங்கிவைக்கிறேன்.


சர்ஜாபூர்_சக்கரம்
ஞாயிறு, மதியம் 3.25

விவேக்நகர் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். பேக்கரி வாசல் பையன்கள் எங்கள் பார்க்குகளிலும் இருக்கிறார்கள். ஃபோனைத் தூக்காதவர்களும் வேறு விதத்தில் நெருக்கடி கொடுக்கிறோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராம்ப் மேல் எல்லாரும் வரிசையில்லாமல் நிற்போம், யார் முதலில் போர்டின் வாலை, அதாவது பின்நுனியை, விளிம்பில் வைக்கிறார்களோ அவர்கள் இறங்குவார்கள். புதிதாக வந்த பெண் மூன்று முறை வாலை வைத்து மூன்று முறையும் எடுத்துவிடுவாள், ஏனென்றால் அதற்குள் ஒருவன் இறங்கியிருப்பான். யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள். இதை நான் பல வருடம் கவனித்ததே இல்லை. என் தங்கை வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். 2015இல் அங்கே ஸ்கேட்பார்க் கட்டினார்கள். இரண்டே சட்டம். பள்ளிக்குப் போகாவிட்டால் போர்டு இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம், அதாவது ஒரு பெண் வந்து கேட்டால் பையன் போர்டைக் கொடுத்துவிட வேண்டும். தனி நேரம் இல்லை, தனி இடம் இல்லை, சாதி பார்க்கிற ஊரில் எல்லாரும் ஒரே இடத்தில். அந்த ஊரிலிருந்து ஆஷா கோண்ட் என்ற பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டி வரை போனார். அதனால் எனக்கு ஒரு எண்ணம். பெண்களுக்கு மட்டும் என்று சனிக்கிழமை காலையைப் பிரித்துவைப்பது நல்லதா? நாளைக்கு அவர்கள் பொதுப் பார்க்குக்கு வரும்போது அதே பையன்கள்தானே இருக்கப் போகிறார்கள்?


கிக்டர்ன்_பொண்ணு
ஞாயிறு, மாலை 4.02

அண்ணா, தனி நேரம் இல்லாவிட்டால் நான் பொதுப் பார்க்கு வரைக்கும் வந்தே இருக்க மாட்டேன். முதல் ஐம்பது தடவை விழுவதை யாரும் பார்க்காமல் விழ வேண்டும். அப்புறம் யார் இருந்தாலும் கவலை இல்லை.


அல்சூர்_அக்கா
ஞாயிறு, மாலை 6.15

இரண்டும் வேண்டும் என்பது என் அனுபவம். அதிதா வர்கீஸ் நம் பெங்களூர்ப் பெண், இந்தியாவில் பெண்கள் ஸ்கேட்போர்டிங் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர். 2015இல் பெண் ஸ்கேட்டர்களுக்கான கேர்ள் ஸ்கேட் இந்தியா அமைப்பை ஆரம்பித்தார். அவர் ஓட்டுவதைக் காணொளியில் பார்த்துத்தான் நான் ஆரம்பித்தேன். "பெண்களாலும் முடியும்" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் ஆரம்பித்திருப்பேனா தெரியாது. நம் ஊர்ச் சாலையில் நம்மைப் போல ஒருத்தி ஓட்டுவதைக் கண்ணால் பார்த்தது போதுமானதாக இருந்தது.

அதனால் தம்பி, சனிக்கிழமை எங்களுக்கு மட்டும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் உங்கள் பார்க்குக்குக் கூட்டமாக வருகிறோம். ஆறு ஏழு பேராக வந்தால் வரிசை தானாக மாறும். நீங்கள் பையன்களிடம் ஜன்வார் சட்டத்தைச் சொல்லிவையுங்கள்.

விவேக்நகர் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாமல்லபுரம் கமலி மூர்த்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழெட்டு வயதில் வெள்ளைக் கவுனோடு வெறுங்காலில் ராம்பில் இறங்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அவளைப் பற்றிய குறும்படம் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரையானது. இப்போது அலைச்சறுக்கில் இருக்கிறாள். எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அவள் அம்மாதான் முக்கியமாகத் தெரிகிறார். கடலோரக் கிராமத்தில் தனியாக வளர்த்து, அக்கம்பக்கம் பேசுவதைக் கேட்டும், போய் ஓட்டு என்று விட்டவர். அவர் நம்மைப் போலத் தமிழ் பேசும் சாதாரண அம்மா. நீங்கள் ஒரே ஒரு சனிக்கிழமை மகளோடு வாருங்கள். திடலுக்கு மதில் இருக்கிறது, வாசலில் நான் இருப்பேன்.


விவேக்நகர்_அம்மா
ஞாயிறு, இரவு 10.40

என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய் ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொண்டு பரணில் ஏறினாள். போர்டை இறக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், சுற்றவில்லை. மழையில் நனைந்தது அப்படியே கிடந்திருக்கிறது. என்ன செய்வது?


கேஜிஎஃப்_ரயில்
திங்கள், காலை 6.20

பேரிங் துருப்பிடித்திருக்கும் அம்மா. 608 என்று எண், எல்லா ஸ்கேட்போர்டுக்கும் பெரும்பாலும் அதுதான். ஒரு போர்டுக்கு எட்டு. எஸ்.ஜே.பி. ரோட்டில் பேரிங் கடைகளில் கேளுங்கள், உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 என்றால் எடுத்துக்கொடுப்பார்கள். பழையதைக் கழற்ற டிரக்கின் (சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகம்) அச்சு நுனியில் சக்கரத்தை மாட்டி நெம்பினால் வந்துவிடும். என் பேத்தி செய்ததைப் பார்த்தேன், ஐந்து நிமிடம்.


காக்ஸ்டவுன்_அப்பா
செவ்வாய், இரவு 9.15

எல்லாவற்றையும் படித்தேன். பேட்மின்டன் அகாடமியில் கழிப்பறை எப்படி என்று என் பெண்ணிடம் கேட்டேன். "இப்பத்தான் கேக்கிறீங்களா அப்பா" என்றாள். நாளைக்குப் போய்ப் பேசுகிறேன்.


அல்சூர்_அக்கா
சனி, மதியம் 12.30

இன்று காலை விவேக்நகர் அக்காவும் மகளும் வந்தார்கள். வரும்போது முருகேஷ்பாளையத்து அம்மாவுக்கும் போன் செய்து பேசியிருக்கிறார், எண்ணை நான்தான், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழரை மணிக்கு ஆட்டோவில் முருகேஷ்பாளையத்துப் பெண்ணும் அவள் அம்மாவும் இறங்கினார்கள். அம்மா மதில் ஓரத்தில் விவேக்நகர் அக்காவோடு உட்கார்ந்துகொண்டார்.

எட்டு மாத இடைவெளி. டிராப்-இன் உடனே வரவில்லை, இரண்டு முறை விழுந்தாள், முழங்காலில் சறுக்கி அழகாக விழுந்தாள். மூன்றாவது முறை இறங்கினாள். அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, போர்டு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். பாதம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அது ஏழு அங்குலச் சிறுவர் போர்டு. இவள் வளர்ந்துவிட்டாள்.

யாரிடமாவது பெரிய டெக் (போர்டின் பலகை) சும்மா கிடக்கிறதா? ஏழே முக்கால் அல்லது எட்டு அங்குலம். மேப்பிள் ஏழு அடுக்காக இருந்தால் நல்லது, கீறல் இருந்தால் பரவாயில்லை.


சர்ஜாபூர்_சக்கரம்
சனி, மதியம் 12.41

என் தங்கையுடையது இருக்கிறது அக்கா, எட்டு அங்குலம், கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டும் கிரிப் டேப் மட்டும் புதிதாக ஒட்ட வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்துகிற டிரக்கும் சேர்த்துத் தருகிறேன். அடுத்த சனிக்கிழமை ஆறரைக்கு வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன், உள்ளே வர மாட்டேன்.